படையலில் இன்னொரு படம்

"உன் அண்ணன் படத்தை எடுத்து உள்ள வை. டிவிக்காரங்க வந்துட்டிருக்காங்க."

அன்செல்மோ கழுத்து டையைச் சரிசெய்துகொண்டே சொன்னார். மனைவி ஒதிலியாவின் கையிலிருந்த செண்டுமல்லி இதழ்கள் தரையில் கொட்டின. இறந்தவர்கள் வீடு தேடி வரும் நாளுக்காகக் கூடத்து மேசையில் படையல் வைத்துக்கொண்டிருந்தாள். மாமனார், மாமியார் படங்களோடு அண்ணன் எலிசேயோவின் படமும் இருந்தது.

"நடுவுல எடுக்கக் கூடாதுங்க. படம் இல்லைன்னா அவன் உள்ள வரமாட்டான். வாசல்லயே நிப்பான்."

"நாளைக்குச் சட்டசபையில ஓட்டு. எல்லை தாண்டி வர்றவனுக்கு இடம் கொடுத்தாலும் ஜெயில், வண்டியில ஏத்தினாலும் ஜெயில்னு நான் பேசணும். பின்னாடி அப்படி வந்து செத்தவன் சிரிச்சுக்கிட்டு நிக்கணுமா?"

"அவன் எங்க சிரிச்சான்? பல்லு கோணல்னு வாயை இறுக்க மூடிக்கிட்டுல்ல போட்டோ எடுத்தான்!"

அன்செல்மோ தானே படத்தை எடுத்து இழுப்பறையில் போட்டார். கேமராவின் முன்னால், தன் குடும்பம் தலைமுறை தலைமுறையாகச் சட்டப்படி இந்த மண்ணில் வாழ்கிறது என்று பேசினார். செத்த மச்சானிடமே காகிதம் கேட்கிற அளவுக்கு மனுஷர் வளர்ந்துவிட்டார். அன்றே தலைநகரத்துக்குக் கிளம்பிப் போனார்.

பொழுது சாயும்போது வாசல் கேட்டருகே யாரோ செருப்பில் ஒட்டிய சேற்றைத் தேய்க்கும் சத்தம் கேட்டது. ஒதிலியா ஓடிப் போய்ப் பார்த்தாள். ஆள் இல்லை. தபால்காரரைக் கண்டாலே குதறப் பாயும் நாய், வெறும் கேட்டைப் பார்த்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தது.

பல வருஷத்துக்கு முன்னால் அண்ணனும் அவளும் ஒன்றாகத்தான் எல்லை ஆற்றைத் தாண்டினார்கள். முள்காட்டில் வழி தவறியது. மிச்சமிருந்த தண்ணீரைத் தங்கையிடம் கொடுத்துவிட்டு எலிசேயோ அங்கேயே உட்கார்ந்துவிட்டான். சாலைக்குத் தட்டுத்தடுமாறி வந்தவளைப் பார்த்து லாரியை நிறுத்தியவன், தர்பூசணி ஏற்றி வந்த ஓர் இளைஞன். பெயர்கூடக் கேட்காமல் அவளைத் தார்ப்பாய்க்கு அடியில் ஒளித்துக் கொண்டுவந்தான். தன் அக்கா நியேவெஸ் வீட்டில் விட்டுவிட்டு, தண்ணீர் கேனோடு முள்காட்டுக்கே திரும்பிப் போனான். பிணத்தைத்தான் கண்டான். கூடப் பிறந்தவனைப் பறிகொடுத்தவன்போல அழுதான். அந்த அன்செல்மோவைத்தான் அவள் கட்டிக்கொண்டாள். திருவிழா நடனத்தில் பார்த்துப் பிடித்துப்போனதாக ஊருக்குச் சொன்னார்கள்.

மறுநாள் நியேவெஸும் வந்து டிவி முன்னால் உட்கார்ந்தாள். சட்டசபைப் பலகையில் அன்செல்மோவின் பெயருக்கு எதிரே பச்சை விளக்கு எரிந்தது. மசோதா நிறைவேறியது. அரங்கில் கைதட்டினார்கள்.

"அரசியல்னா அப்படித்தான். மனசுல வச்சுக்காத" என்றாள் நியேவெஸ்.

ஒதிலியா எழுந்து போய் இழுப்பறையைத் திறந்தாள்.

சாயங்காலம் அன்செல்மோ போலீஸ் தலைவரான ஷெரீஃபையும் கட்சிக்காரர்களையும் கூட்டிக்கொண்டு சிரிப்பும் சத்தமுமாக வந்தார். வாசலிலிருந்து கூடம்வரை செண்டுமல்லி இதழ்கள் வழிகாட்டின. மேசையில் எலிசேயோ பழையபடி வாயை மூடிக்கொண்டு நின்றான். அவன் பக்கத்தில் புதிதாக ஒரு படம். தர்பூசணி லாரியில் சாய்ந்தபடி ஓர் இளைஞன் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நின்றான். முன்னால் மெழுகுவர்த்தி எரிந்தது.

நியேவெஸ் பதறிப்போய்ச் சிலுவை போட்டுக்கொண்டாள். "அடிப்பாவி! உயிரோட இருக்கிறவன் படத்தைப் போயி இங்க வைக்கலாமா? எம் தம்பிடி அவன்!"

"தெரியும் அண்ணி. அவரைத்தான் தேடிக்கிட்டிருந்தேன்."

ஷெரீஃப் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். மற்றவர்கள் தரையைப் பார்த்தார்கள். அன்செல்மோவின் முகம் வெளுத்துவிட்டது. "எடுத்துடு, ஒதிலியா" என்றார். குரலில் அதிகாரம் இல்லை.

"இருக்கட்டுங்க. நல்ல பையன். எங்க எப்ப செத்தான்னுதான் எனக்குத் தெரியல" என்று சொல்லிவிட்டு, ஒதிலியா அந்தப் படத்தின் முன்னால் ஒரு தம்ளர் தண்ணீர் வைத்தாள்.