பரமலிங்கத்தார் குடிக்காத செம்பு

உரும்பிராயில் எங்கள் ஒழுங்கையின் ஆறு வீட்டுக்கும் ஒரே கிணறு. அது பரமலிங்கத்தாரின் காணியில். அவர் மாட்டெருவைக் குவித்துவைத்த எருக்கும்பியும் அங்கேதான், கிணற்றுக்கட்டிலிருந்து பத்தடி தள்ளி. சண்டையால் யூரியா உரத்துக்குத் தடை வந்த நாளிலிருந்து அந்தக் கும்பியைப் பெண்சாதியைவிடக் கவனமாகப் பார்த்தார். பொறாமையில் சொல்லவில்லை, வேலிக்குள்ளால் பார்த்ததைச் சொல்கிறேன்.

தொண்ணூற்றிரண்டு மாரியில் எங்கள் ஒழுங்கைப் பூரணத்தின் பசுக்கன்று கழிந்து செத்தது. அதே கிழமை அவளுடைய சின்ன மகளுக்கும் வயிற்றோட்டம்.

"மழையோடை எருத்தண்ணி கல்வெடிப்பாலை கிணத்துக்கை இறங்குது," என்றார் மருத்துவிச்சி ஐரிஸ். "கண்டுக்குட்டியும் பிள்ளையும் குடிச்சது அதைத்தான்."

பூரணம் போய்க் கேட்டாள். பரமலிங்கத்தார் கும்பிக்குத் தென்னோலைக் கிடுகு போட்டபடியே, "பிறந்ததிலை இருந்து நான் இந்தத் தண்ணிதான் குடிக்கிறன். எனக்கு என்ன வந்தது?" என்றார்.

அவர் பெண்சாதி பராசக்தி அக்கா விடிய முன்னம் சைக்கிளில் குடம் கட்டிக் கோயில் கிணற்றுக்குப் போய்வருவதை நான் மட்டும்தான் கண்டிருந்தேன். பூசைக்காம். பூசைக்கு இரண்டு குடமா? பூரணத்திடம் சொன்னேன். சொல்லாவிட்டால் எனக்கும் வயிற்றோட்டம் வந்திருக்கும்.

மறுநாள் ஆறு வீடும் தண்ணீருக்குக் கூடிய நேரம், பூரணம் செம்பில் அள்ளிப் பரமலிங்கத்தாரிடம் நீட்டினாள்.

"குடியுங்கோ அண்ணை."

"கந்தசட்டி விரதம்."

"மிளகும் தண்ணியும் குடிக்கிற விரதம்தானே. மிளகு நான் தாறன்."

யாரோ சிரித்தார்கள். நானாகவும் இருக்கலாம்.

"கிணறு என்ரை, எரு என்ரை. விருப்பமில்லாட்டி விடுங்கோ."

பூரணம் செம்பைக் கிணற்றுக்கட்டில் வைத்தாள். சேலையைச் செருகினாள். அவருடைய மண்வெட்டியையே எடுத்து, ஓலைக் கடகத்தில் எருவை அள்ளத் தொடங்கினாள்.

"ஆரைக் கேட்டு அள்ளுறாய்?"

"செத்த கண்டுக்குட்டியைக் கேட்டு. உங்கடை எருவிலை ஒரு பிடியும் எனக்கு வேண்டாம். உங்கடை வெங்காயத் தோட்டத்து அந்தக் கடைசித் தொங்கலிலை கொட்டுறன், வந்து பாருங்கோ."

மூன்றாவது கடகத்தைத் தலைக்குத் தூக்கிவிட்டது பராசக்தி அக்கா.

"நீயுமோ?" என்றார் அவர்.

"கோயில் கிணத்துக்குச் சைக்கிள் உழக்கி உழக்கி என்ரை முழங்கால் போச்சு. உங்கடை வாய்க்குத்தான் அந்தத் தண்ணி."

பிறகு ஒருவரும் அவரை ஒன்றும் கேட்கவில்லை. கடகம் எடுக்கத்தான் வீட்டுக்கு ஓடினோம். நானும் இரண்டு நடை சுமந்தேன். கிட்டப் போகாமல் எப்படிக் கதை கேட்பது?

மத்தியானம் கும்பி இருந்த இடம் கறுத்த ஈரமாகக் கிடந்தது. பூரணம் கை கழுவவில்லை.

"நாளைக்குக் கிணத்தை வத்த இறைச்சுத் துப்பரவாக்கிறம், அண்ணை. நீங்கள் வந்தாலும் சரி, உங்கடை இறைக்கிற மெசினை மட்டும் விட்டாலும் சரி."

அவர் செம்பைப் பார்த்தார். அது தளும்பத் தளும்ப அப்படியே இருந்தது.

"மெசினுக்கு மண்ணெண்ணை கொஞ்சம்தான் கிடக்கு," என்றார்.

"மிச்சத்தைக் கையாலை இறைப்பம்," என்றாள் பூரணம்.