கோலத்தில் விழுந்த தடம்

"போறும்டி! வெடிச்சுடும்!" என்று அலறினான் சேஷன்.

புருஷன் சொன்னதை விஜயம் காதில் போட்டுக்கொள்ளவில்லை. மடிசாரை இழுத்துச் செருகிக்கொண்டு கைப்பம்பை அழுத்தினாள். புஸ்! புஸ்! முன்சக்கரத்து டயர் சோம்பேறி மாதிரி மெல்ல நிமிர்ந்தது.

"எவ்வளவு காத்து இருக்குன்னு தெரியாம போறும்னு எப்படிச் சொல்றேள்? அளவு பாக்கற குழல் எங்கே?"

அதுதான் மர்மம். டயரில் வைத்து அழுத்தினால் காற்றின் பவுண்டைக் காட்டும் அந்த விரல்நீளப் பித்தளைக் குழல் காலையிலிருந்து மாயம். அலமாரி, வண்டி, பரண் எல்லாம் சல்லடை போட்டுத் தேடியாயிற்று.

"எவனோ திருடிண்டு போயிட்டான்" என்றான் சேஷன்.

"திருடி என்ன பண்ணுவான்? சாலைக் கடைத்தெருவிலே காத்தை அளந்து விப்பானா?"

உள்ளே மாமனாருக்கு வெற்றிலை இடிபடும் சத்தம். டொக். டொக். கிழவருக்குப் பல் போய் ரொம்ப நாளாகிறது.

விஜயத்தின் தவிப்பு வேறு. நெய்யாற்றின்கரைப் பெண்பள்ளியில் அவளுக்கு வாத்தியார் வேலை காத்திருந்தது. "பஸ்ஸிலே இடிபட்டுண்டு போகப்படாது. தானே ஓட்டிண்டு போறதானா போகட்டும்" என்று மாமனார் சொல்லிவிட்டார். 1938-ல், அதுவும் ஸ்ரீவராகம் அக்ரஹாரத்தில், அதற்கு மறுப்பு என்றுதான் அர்த்தம். விஜயம் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டாள்!

வண்டியோ பழைய அமெரிக்க வண்டி. ஏழு பேர் ஏறலாம். தெருவில் யானை நிற்கிற மாதிரி நிற்கும். போன மாதப் பரீட்சையில் குளக்கரை முடுக்கில் திருப்பும்போது ஸ்டியரிங் அசையவே இல்லை. மோட்டார் இன்ஸ்பெக்டர் வேலாயுதன் சிரித்தார். "இதைத் திரிக்கணும்னா பலம் வேணுமாக்கும், அம்மா. இன்னும் ஒரு தடவை பார்க்கலாம். பின்னே என்னைக் கூப்பிடப்படாது, கேட்டேளா?"

அந்த ஒரு தடவை இன்றுதான். இதோ வந்துவிடுவார்.

"காத்து கம்மி. அதான் திரும்பலை" என்றாள் விஜயம்.

"ஞாயித்துக்கிழமை தோறும் நான் அளக்கறேனே! புஸ்தகத்திலே முப்பத்தஞ்சு பவுண்டு. குழல் எப்பவும் ஜாஸ்தி காட்டும். திறந்து விட்டுச் சரி பண்ணறேன்."

விஜயம் பம்பை நிறுத்தினாள். "எப்பவுமே ஜாஸ்தியா? நாம காத்து அடிக்காமயே?"

"ஆமாம்."

"காத்து தானா எப்படி ஏறும்?"

சேஷன் டயரைத் தட்டிப் பார்த்தான். "அப்போ குழல்தான் பொய் சொல்லியிருக்கு" என்றாள் அவள்.

விஜயத்தின் பார்வை வாசலில் நின்றது. வெள்ளிக்கிழமை. மாமியார் சுப்புலக்ஷ்மி அரிசியை அரைத்து இழைக்கோலம் போட்டிருந்தாள். ஈரம் காயவில்லை.

"தள்ளுங்கோ வண்டியை!"

முன்சக்கரங்கள் கோலத்தின் மேல் ஏறி இறங்கின. உள்ளிருந்து மாமியார் பாய்ந்து வந்தாள். "அடி பாவி! வெள்ளிக்கிழமையும் அதுவுமா!"

விஜயம் தரையில் குனிந்திருந்தாள். கோலத்தைத் தாண்டி டயர் பதித்த தடத்தில் இரண்டு ஓரமும் வெள்ளை. நடுவில் வெறும் மண்.

"பாருங்கோ, நடுவு உள்வாங்கித் தரையைத் தொடவே இல்லை. இன்னும் அடிங்கோ!"

இரண்டு முன்சக்கரத்துக்கும் சேஷன் மாறி மாறி அடித்தான். அடுத்த வீட்டுக் கோலம் பலியாயிற்று. இப்போது நடுவில் ஒற்றைக் கோடு, ஓரங்கள் வெறுமை.

"ஜாஸ்தி ஆயிடுத்து!"

அடுத்த வீட்டு ஜெயலக்ஷ்மி இடுப்பில் கை வைத்து நின்றாள். "என் கோலத்தை அழிச்சாச்சோ இல்லியோ? அந்தாத்துக் கோலம் இன்னும் பெரிசு. அதையும் விடாதே!"

தெருவே கூடிவிட்டது. புஸ்ஸென்று கொஞ்சம் காற்றைத் திறந்துவிட்டு, மூன்றாவது கோலத்தில் உருட்டினார்கள். ஓரத்திலிருந்து ஓரம் வரை டயரின் ஒவ்வொரு வரியும் அச்சடித்த மாதிரி வெள்ளையாக விழுந்தது.

"இதுதான்!" என்று துள்ளினாள் விஜயம்.

அவளுக்குப் பின்னால் யாரோ இருமினார். இன்ஸ்பெக்டர்!

"பின்னே, புறப்படலாமா?"

வண்டி உறுமிற்று. அதே குளக்கரை. அதே முடுக்கு. ஒரு பக்கம் மதில், மறுபக்கம் தண்ணீர். விஜயம் பல்லைக் கடித்து ஸ்டியரிங்கைத் திருப்பினாள்.

திரும்பியது! வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி திரும்பியது. கடித்த பல் வீணாயிற்று. இன்ஸ்பெக்டர் ஒரு கையால் தொப்பியையும் மறுகையால் கதவையும் பிடித்துக்கொண்டார்.

"பலே! போன மாசத்தைக் காட்டிலும் பலம் வச்சிருக்கே!"

"எனக்கு இல்லை சார், டயருக்கு."

லைசென்ஸ் உண்டு என்று அவர் சொல்லி வாய் மூடவில்லை, ஜெயலக்ஷ்மி குலவையிட்டாள். சேஷன் பம்பைத் தோளில் கதாயுதமாய்ச் சாத்திக்கொண்டு ஊர்வலம் வந்தான். விஜயம் மாமனாரை நமஸ்கரிக்க உள்ளே ஓடினாள்.

"ஓட்டிட்டியா? சரி, போயிட்டு வா வேலைக்கு" என்றார் அவர், சிரிப்பை அடக்க முடியாமல். "அடியே, பாதியிலே விட்டுட்டுப் போனியே, என் வெத்திலை எங்கே?"

மாமியார் சின்ன உரலோடு உட்கார்ந்தாள். டொக். டொக்.

கும்பிட்டு எழுந்த விஜயம் அப்படியே நின்றாள். "அம்மா... கையிலே என்ன?"

"இதுவா? சிவராத்திரியன்னிக்கு வெத்திலை இடிக்கற இரும்பு உலக்கை தொலைஞ்சு போச்சு. அதுலேர்ந்து இதாலேதான் இடிக்கறேன். நல்ல கனம். தினம் அலம்பித் துடைச்சு அலமாரியிலே வெச்சுடுவேன். இன்னிக்கு உங்க கூத்திலே இன்னும் இடிச்சே முடியலை" என்று, மாமியார் வெற்றிலைச் சாறு வடியும் பித்தளைக் குழலைத் தூக்கிக் காட்டினாள்.