கூறியது கூறல்

வீட்டில் அவளுக்குப் பெயர் வக்கீலம்மா. ஒரு வழக்கில்கூட வாதாடியதில்லை. முதுகலைச் சட்டம் படிக்கிறாள், சர்வதேச நீதியைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறாள், அவ்வளவுதான். அதில் நான்காம் அத்தியாயம் முழுக்க அவளுடைய சித்தி. சித்தி மகனைச் சிப்பாய்கள் கதவைத் தட்டி, வீடு புகுந்து இழுத்துக்கொண்டு போன வழக்கு, கடல் தாண்டி ஒரு சர்வதேசத் தீர்ப்பாயம் வரை போனது. சித்தி அங்கே கூண்டேறிச் சாட்சி சொன்னாள். தீர்ப்பு வந்தது, அண்ணன் வரவில்லை.

அந்த அத்தியாயத்தை அவளுடைய ஆய்வுக் கைடு சிவப்பு மையில் குளிப்பாட்டித் திருப்பித் தந்தார். "கதவைத் திறந்தது நான்தான்" என்று சித்தி சொன்ன இடத்திலெல்லாம் ஓரத்தில் 'கூறியது கூறல்' என்று குறித்திருந்தார்.

"அவங்க அப்படித்தான் சார் சொன்னாங்க."

"சொல்லுவாங்கம்மா. தீர்ப்பாயமே தடுத்துச்சே, கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கன்னு. எந்தப் படை, யார் உத்தரவு, அதுதான் நமக்கு வேணும். கதவை யார் திறந்தா என்ன?"

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாட்சிகளின் கண்ணியத்தைப் பற்றி மேடை மேடையாக முழங்குகிற மனிதர் இவர். ஆனால் கையெழுத்துப் போட வேண்டியவரும் இவர்தான். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்து, அந்த வாக்கியத்தை ஒவ்வோர் இடமாகத் தேடித் தேடி வெட்டினாள். வெட்ட வெட்ட அத்தியாயம் கச்சிதமாகிக்கொண்டே வந்தது. வெட்கக்கேடு என்னவென்றால், அது அவளுக்கும் பிடித்துப் போனது.

பேட்டி கொடுத்தவருக்குப் படித்துக் காட்டிச் சம்மதம் வாங்கிய பிறகே சமர்ப்பிக்க வேண்டும் என்பது துறையின் விதி. சித்தி காய்ந்த துணிகளை மடித்தபடி கடைசிவரை கேட்டாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான் சித்தி."

"நான் கதவைத் திறந்தது எங்க?"

"திரும்பத் திரும்ப வருதுன்னு... எடுத்துட்டேன்."

சித்தி கையிலிருந்த சட்டையை வீசி எறிந்தாள். "அந்த நீதிபதிங்களுக்கு நான் யாரோ. வாயை மூடுன்னாங்க, மூடிட்டேன். நீ இந்த வீட்டுல சாப்பிட்டு வளர்ந்தவ. அண்ணா அண்ணான்னு அவன் பின்னாடியே சுத்தினவ. உனக்கும் நான் வாயை மூடணுமா? உன் புஸ்தகத்துல நான் வேண்டாம், எடுத்துடு."

அவளுக்கும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. கைடு மேல், தீர்ப்பாயத்தின் மேல், எல்லாரையும்விடத் தன் மேல். அங்கேயே கைடுக்குப் போன் போட்டாள்.

"சார், நாலாவது அத்தியாயம் கிடையாது."

"அது இல்லாம ஆய்வேடே கிடையாதும்மா. புரிஞ்சுதான் பேசறியா?"

"கிடையாதுன்னா கிடையாது சார்" என்று போனை வைத்தாள்.

சித்தி எறிந்த சட்டையை எடுத்து மறுபடி மடிக்கத் தொடங்கினாள். அவளும் தரையில் உட்கார்ந்து ஒரு துண்டை எடுத்து மடித்தாள். எத்தனை பேர் எத்தனை கேள்வி கேட்டிருக்கிறோம், இதை ஒருவர்கூடக் கேட்கவில்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

"ஏன் சித்தி திறந்தீங்க?"

சித்தியின் கை நின்றது.

"உன் சித்தப்பா வேலை முடிஞ்சு வர்ற நேரம். மனுஷன் மறுபடியும் சாவியை மறந்துட்டாருன்னு நெனச்சேன்" என்றாள். "திட்டிக்கிட்டேதான் திறந்தேன்."