மினுக்கிய துண்டுகள்

தாராவியில் நாகூர் கனியின் பட்டறையில் செம்புத் தகட்டை மூன்று தடவை பிரஸ்ஸில் அமுக்கினால் ஒரு குடம். அமுக்க அமுக்கத் தகடு இறுகும். அப்படியே விட்டால் கிழிந்துபோகும் என்று நடுநடுவே பட்டி என்கிற உலையில் போட்டுப் பழுக்கவைத்து இளக்குவார்கள். எவ்வளவு வளைந்தால் எவ்வளவு இறுகும் என்று கணினியில் கணக்குப் போடுவதுதான் மாட்டுங்கா காலேஜில் ஜெஸியின் கடைசி வருட வேலை. அந்தப் பட்டறையில் பிரஸ் ஓட்டும் மரியஅந்தோணி அவளுடைய அப்பா.

ஒரு தடவை அமுக்கிய தகட்டில், பட்டிக்குப் போகும் முன்பே, சில துண்டுகள் வெட்டித் தரும்படி அவரிடம் கேட்டிருந்தாள். பளபளவென்று கொண்டுவந்து கொடுத்தார். காலேஜில் இழுத்துப் பார்த்தபோது மெழுகாய் நீண்டன. நடுவில் பட்டியே வேண்டாம் என்றது கணக்கு. எரிவாயு மிச்சமென்று கனி பாய் சந்தோஷமாகப் பட்டியை அணைத்தார். செம்பூர் கோயிலுக்குச் சொல்லியிருந்த குடங்கள் அத்தனையும் கழுத்தில் கிழிந்தன.

கிழிந்த குடங்களுக்கு நடுவே நின்றபோதுதான், துண்டுகளை எப்படி வெட்டினீர்கள் என்று அப்பாவிடம் மெதுவாகக் கேட்டாள்.

"பட்டியில காட்டி, புளி போட்டுத் தேச்சுத்தாம்ளா மினுக்குனேன். பெரிய படிப்பு படிச்சவங்க முன்னால கருப்பும் கீறலுமாவா குடுத்து விடுவேன்? பொண்ணு பாக்க வந்தா உன்னையத் தல சீவாமயா நிறுத்துவேன்?"

ஜெஸி இளகின துண்டை வைத்து இறுகின தகட்டுக்குக் கணக்குப் போட்டிருக்கிறாள். அதைச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போயிற்று.

அதற்குள் கனி பாய் வந்துவிட்டார். யார் தப்பு என்று இப்போதே தெரிய வேண்டும், தப்புப் பண்ணின ஆள் இனி இந்தப் படி ஏறக் கூடாது என்றார். மரியஅந்தோணி பிரஸ்ஸின் கைப்பிடியைத் துடைக்க ஆரம்பித்தார். அப்பா வாயைத் திறப்பார் என்று ஜெஸி பார்த்தாள். அழுக்கே இல்லாத கைப்பிடியை அவர் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"என் கணக்குதான் தப்பு, பாய்."

கனி பாய் அங்கே நின்றபடியே ஜெஸியின் பேராசிரியருக்குப் போன் போட்டார். இந்த வருட வேலை செல்லாது, அடுத்த வருடம் முதலிலிருந்து வேறொன்று எடுத்துச் செய்யட்டும் என்று சொல்லிவிட்டார் பேராசிரியர்.

சாயங்காலம் ஜெஸி சந்து முனை டீக்கடையைத் தாண்டும்போது அப்பாவின் குரல் கேட்டது.

"எம்புட்டுப் படிச்சு என்னல செய்ய? கையால வேல செய்தவன்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கணும்."

சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். அவளைப் பார்த்ததும் அவர் டீ கிளாஸைக் கீழே வைத்தார். பேச்சை மட்டும் நிறுத்தவில்லை.