வாக்கெடுப்பு நேரத்து வயிற்றுவலி

தொகுதியில் அந்த எம்.எல்.ஏ.வுக்குச் சரவெடி என்று பேர். மேடையில் வாயைத் திறந்தால் லேசில் ஓயமாட்டார். அப்பேர்ப்பட்டவர், அரசாங்கம் கடன் வாங்கும் வரம்பை உயர்த்தலாமா என்று சட்டமன்றத்தில் மூன்று நாள் நடந்த விவாதத்தில் மூச்சு விடவில்லை.

எதிர்த்துக் கை தூக்க வேண்டும் என்பது கட்சித் தலைவரின் கட்டளை. மீறினால் அடுத்த தேர்தலில் சீட்டு கிடையாது. வரம்பை உயர்த்தாவிட்டாலோ அரசு ஆஸ்பத்திரிகளில் அடுத்த மாதம் சம்பளமே இல்லை. அங்கேதான் அவருடைய அக்கா நர்ஸ். அப்பா போன பிறகு அவரைப் படிக்க வைத்தவள். "நான் இருக்கேன்ல, பயப்படாதக்கா" என்று அவளிடம் அடித்துச் சொல்லியிருந்தார்.

வாக்கெடுப்புக்கு மணி அடித்தது. பார்வையாளர் மாடத்தில் உட்கார்ந்திருந்த அக்காவை நிமிர்ந்து பார்க்காமல் எழுந்து போய், கழிப்பறைக்குள் நுழைந்து தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

அவைக்காவலர் கதவைத் தட்டினார். "ஐயா, ரெண்டு நிமிஷத்துல அவைக் கதவைச் சாத்திடுவாங்க. வரலையா?"

"வயிறு சரியில்லப்பா. நீ போ."

"டாக்டரக் கூப்பிடட்டுமா?"

"வேணாம், வேணாம்."

குழாயைத் திறந்துவிட்டு அங்கேயே நின்றார். வெளியே வந்தபோதுதான் சங்கதி தெரிந்தது. வரம்பை உயர்த்தும் தீர்மானம் ஒரே வாக்கில் தப்பிப் பிழைத்திருந்தது. அந்த வாக்கைப் போட்டவர் அவருடைய கட்சியிலேயே மூத்த உறுப்பினரான ஒரு அம்மாள். இடுப்பு ஆபரேஷன் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. சக்கர நாற்காலியில் வந்து, தலைவரின் முகத்துக்கு நேராக ஆதரித்துக் கை தூக்கியிருந்தார்.

அக்கா ஓட்டமும் நடையுமாக வந்தாள். "வயித்துக்கு என்னடா? காவலர் சொன்னாரு." நெற்றியைத் தொட்டாள், நாடியைப் பிடித்தாள். அந்தக் கை பட்டதும் அவரால் தாங்க முடியவில்லை.

"ஒண்ணுமில்லக்கா. ஒளிஞ்சிக்கிட்டேன்."

அவள் கையை விடவில்லை. ஆனால் நாடி பார்ப்பதை நிறுத்திவிட்டாள்.

அதற்குள் நிருபர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "ஓட்டுப் போட ஏன் வரல சார்?"

உண்மையைச் சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தார். "வயித்து வலி" என்று வந்தது. ஒருவர் நமட்டுச் சிரிப்புச் சிரித்தார்.

"ஆமா, காலைலேருந்தே முடியல. நான் நர்ஸு. நாந்தான் மாத்திரை குடுத்தேன்" என்றாள் அக்கா. அவள் பொய் சொல்லி அவர் பார்த்ததே இல்லை. காது மடல்வரை அவருக்குச் சுட்டது.

கூட்டம் கலைந்ததும், "எனக்கு டியூட்டி இருக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தாள். வாசல்வரை பின்னாலேயே போனார்.

அன்று மாலையே அந்த அம்மாளைக் கட்சியை விட்டு நீக்கினார்கள். அடுத்த தேர்தலில் சரவெடிக்குச் சீட்டு கிடைத்தது. வாக்குக் கேட்டு எல்லா வீட்டுப் படியும் ஏறினார். அக்கா வீடு இருக்கும் தெருவில் மட்டும் வண்டியை நிறுத்தச் சொல்லவில்லை.