நம்பும்படியான தண்ணீர்

விளம்பரப் படங்களில் குளிர்பான பாட்டிலின் மேல் முத்து முத்தாக நீர் பூத்திருப்பதைப் பார்த்து நாமெல்லாம் சப்புக் கொட்டியிருக்கிறோம். அந்த பாட்டில் பெரும்பாலும் ஃப்ரிட்ஜ் பக்கமே போயிருக்காது. சூடான விளக்குகளுக்கு நடுவே காய்ந்துபோய் நின்றதைப் படமெடுத்திருப்பார்கள். பிறகு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து யாரோ ஒருத்தி அதை வியர்க்க வைத்திருப்பாள். இந்தக் கதை அப்படிப்பட்ட ஒருத்தியைப் பற்றியது. ஸ்டூடியோவிலும் வீட்டிலும் அவளுக்குச் சொட்டு என்றுதான் பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவளே சட்டென்று திரும்பமாட்டாள்.

வேலையில் படு கெட்டிக்காரி. வெள்ளையாக ஒரு வட்டம் போட்டால் அது சொட்டாகிவிடாது என்பாள். வெளிச்சம் வரும் பக்கம் சின்னதாக ஒரு வெள்ளைப் புள்ளி வேண்டும். ஆனால் அதே பக்கம் சொட்டின் உட்புறம் இருட்டாகவும், எதிர்ப்பக்கம் பளிச்சென்றும் இருக்க வேண்டும். கீழே விழும் நிழலுக்குள்ளும் ஒரு கீற்று வெளிச்சம் விட வேண்டும். சொட்டுக்குப் பின்னால் எழுத்து இருந்தால் அது கொஞ்சம் வளைய வேண்டும். இதில் ஒன்று பிசகினாலும் பார்க்கிறவருக்கு என்ன தப்பென்று தெரியாது. தாகம் மட்டும் எடுக்காது, அவ்வளவுதான்.

இந்தக் கெட்டிக்காரத்தனத்தை ஸ்டூடியோவோடு விட்டிருக்கலாம். வீட்டுக்குக் கொண்டுவந்தாள்.

கீழ்வீட்டில் அவளும் கணவனும் மாமியாரும். மாடி, கணவனின் அண்ணனுக்குச் சொந்தம். அவர் வேலைக்காக வேறு ஊரில் இருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விட்டிருந்தார். புதுவீட்டுக்கென்று அவர் வாங்கிய வெள்ளை சோபா, அந்த வீட்டு வேலை முடியும்வரை தம்பி வீட்டுக் கூடத்தில் பிளாஸ்டிக் உறை போட்டுக் கிடந்தது. தினமும் போன் பண்ணி அதன் சௌக்கியத்தை விசாரிப்பார். தூசி படியுதா, யாராவது உட்கார்ந்தார்களா, வெயில் படுதா என்று ஒரே குடைச்சல். ஒரு நாள் பொறுக்கமுடியாமல் சொட்டு அந்த சோபாவைப் படமெடுத்து, அதன் மேல் ஒரு குவளை டீயைக் கொட்டினாள். கொட்டியது கம்ப்யூட்டரில்தான். துணி மடிப்புகளுக்குள் டீ வழிந்து தேங்கியது. கறையின் ஓரம் நடுப்பகுதியைவிடக் கறுத்திருந்தது. ஈரம் மினுமினுத்தது. படத்தைக் குடும்ப வாட்ஸ்அப்பில் போட்டாள். கணவன் அழாத குறையாகப் பேசி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். மாமியார் தன் பங்குக்குப் போனில், "ஆமாப்பா, பஞ்சு வரைக்கும் ஊறிப்போச்சு" என்று ஒரு போடு போட்டார்.

மனுஷர் அடித்துப் பிடித்து பஸ் ஏறி வந்துவிட்டார். சோபாவைத் தடவிப் பார்த்தார், முகர்ந்துகூடப் பார்த்தார். வீடே வயிறு வலிக்கச் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, அன்றே ஒரு வண்டி பிடித்து சோபாவை ஏற்றிக்கொண்டு போனார். அன்றைக்கு ஆபீசில் அவர் இல்லாததால் கைக்கு வரவேண்டிய பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது பிற்பாடு தெரிந்தது. அதற்கப்புறம் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

இது நடந்து கொஞ்ச காலத்தில் மாமியாருக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனது. உள்ளேயே பாத்ரூம் இருக்கும் அறை வீட்டில் ஒன்றுதான் என்பதால் கட்டிலை அங்கே போட்டார்கள். அந்த அறையின் கூரையில்தான் தண்ணீர் கசிந்தது. முதலில் கையகலத்துக்கு ஒரு கறை. பிறகு சொட்டியது. பிறகு கட்டிலுக்கு நேர் மேலே பூச்சு உப்பிக்கொண்டு தொங்கியது.

பிளம்பர் வந்து பார்த்தார். "மாடி பாத்ரூம் தரைக்கு அடியில பைப் ஜாயின்ட் விட்டுருக்கு. டைல்ஸ உடைச்சாத்தான் ஆகும். சீக்கிரம் பண்ணுங்க, இந்தப் பூச்சு ரொம்ப நாள் நிக்காது."

மாடியில் குடியிருப்பவர் நியாயமானவர். "மாடில எங்களுக்கு ஒரு ஈரமும் தெரியலையேங்க. உடைக்கறதுன்னா ஓனர் ஒரு வார்த்தை சொல்லட்டும்" என்றார். ஓனரிடமும் அதையே சொல்லிவைத்தார்.

சொட்டு கூரையைப் படமெடுத்தாள். போனில் அதைப் பெரிதாக்கிப் பார்த்தாள். டியூப்லைட் வெளிச்சத்தில் கறை சப்பென்று பழுப்பாகத் தெரிந்தது. சொட்டுகளில் பளபளப்பே இல்லை, நிழல் இருக்கவேண்டிய இடத்தில் நிழல் இல்லை. ஸ்டூடியோவில் யாராவது இப்படிச் செய்து கொண்டுவந்தால் திருப்பி அனுப்பியிருப்பாள். வேறு வழியில்லாமல் கணவனின் அண்ணனான மூத்தவருக்கு அனுப்பினாள்.

பதில் உடனே வந்தது. "சுமாரா இருக்கும்மா. போன தடவ அளவுக்கு இல்ல."

"இல்ல அத்தான், இது நிஜம்" என்று எழுதினாள். அவர் சிரிக்கிற பொம்மை ஒன்றைப் போட்டார்.

கணவன் போன் பண்ணினான். "உன் நடிப்பு முன்னைக்கு இப்ப தேறியிருக்குடா" என்றார் அண்ணன். மாமியார் பேசினார். "உங்களையும் மறுபடி சேத்துக்கிட்டாளாம்மா?" என்று அவரிடம் கேட்டார் அண்ணன். பிளம்பர் பேசினார். அவரிடம், நடிக்க எவ்வளவு வாங்கினீர்கள் என்று விசாரித்தார். வீடியோவில் காட்டியபோது, இந்தக் காலத்தில் வீடியோவையும் விடமாட்டார்கள் என்றார்.

இந்த இடத்தில் வேறு யாராக இருந்தாலும் பஸ் ஏறி நேரில் போய்ச் சொல்லியிருப்பார்கள். கணவனும் லீவு கிடைத்ததும் அதைத்தான் செய்வதாக இருந்தான். சொட்டு மட்டும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள். கூரைப் படத்தைத் திறந்து, இருந்த சொட்டுகளுக்கெல்லாம் வெள்ளைப் புள்ளி வைத்தாள். உட்புறத்தை இருட்டாக்கினாள். நிழல் போட்டாள், நிழலுக்குள் கீற்று விட்டாள். கறையின் ஓரத்தைக் கறுக்க வைத்தாள். இல்லாத ஒரு சொட்டைக்கூட அவள் சேர்க்கவில்லை. இருந்ததை நம்பும்படி ஆக்கினாள், அவ்வளவுதான்.

பின்னால் வந்து நின்ற கணவன் தலையில் கை வைத்துக்கொண்டான். "உனக்குப் புத்தி கித்தி கெட்டுப்போச்சா? நிஜத்தப் போய் யாராவது திருத்துவாங்களா?"

"நிஜம் நல்லா வரலையே, நான் என்ன பண்ண?" என்றாள். அனுப்பியும் விட்டாள்.

"இது, இது வேலை" என்று மூத்தவரின் பதில் வந்தது. "இப்பத்தான் பழைய ஆளு தெரியுறா. சம்பளத்த ஏத்திக் கேளு."

அந்த வரியை அவள் திரும்பத் திரும்பப் படித்தாள். அவமானமாக இருந்தது. ஊரிலுள்ள அத்தனை பேரையும் இல்லாத தண்ணீரை நம்ப வைத்தவளுக்கு, தன் வீட்டுக் கூரையில் ஒழுகுகிற தண்ணீரை ஒரே ஒரு ஆளிடம் சொல்லிப் புரியவைக்கத் துப்பில்லை. படத்தை நம்பாவிட்டால் போகட்டும், தான் இப்போது வாயால் சொல்வதும் படத்தோடு சேர்ந்து பொய்யாகிவிட்டதே என்றுதான் அவளுக்கு ஆறவில்லை. கட்டிலையாவது கொஞ்சம் நகர்த்தலாம் என்று சுவரோரமாகத் தள்ளினார்கள். அறை சின்னது, அதிகம் நகரவில்லை.

மறுநாள் காலை மாமியாரைக் கைத்தாங்கலாகப் பாத்ரூமுக்குக் கூட்டிப்போய்க் கதவோரம் நின்றிருந்தாள். பின்னால் மூட்டையைப் போட்டதுபோல் ஒரு சத்தம். திரும்பினால் அறையெல்லாம் புழுதி. கூரைப் பூச்சு பெயர்ந்து பாதி கட்டில் மேலும் பாதி தரையிலும் கிடந்தது. தலையணையின் மேல் ஒரு பெரிய காரைத்துண்டு உட்கார்ந்திருந்தது. உள்ளேயிருந்து மாமியார், "என்னடி அது?" என்று கேட்டார்.

ஓடிவந்த கணவன் கூரையையும் கட்டிலையும் பார்த்தான். பிறகு போனை எடுத்துக் கட்டிலுக்கு நேரே பிடித்தான். "இதையாவது நம்பறாரான்னு பாப்போம்."

"எடுக்காத" என்று அவள் போனை அவன் கையிலிருந்து வாங்கினாள். மூத்தவரின் எண்ணை அழுத்தினாள். அந்தப் புழுதியிலேயே தரையில் உட்கார்ந்துகொண்டாள்.

"சொல்லும்மா சொட்டு, இன்னைக்கு என்ன, வெள்ளமா?" என்றார் அவர்.

"கூரை விழுந்திடுச்சு அத்தான். அத்தை பாத்ரூம்ல இருந்தாங்க. கட்டில்ல இல்ல." இவ்வளவுதான் சொல்ல முடிந்தது.

"சரி, சரி. படத்த அனுப்பு, பாத்து மார்க் போடறேன்."

"படம் எடுக்கல."

"எடுக்கலையா?"

"இல்ல அத்தான்."

லைன் போய்விட்டதோ என்று அவள் போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தாள். போகவில்லை. மறுபடி காதில் வைத்தபோது அவர் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அம்மாகிட்ட குடு" என்றார். "இல்ல, வேணாம், முதல்ல அவங்கள அந்த ரூம விட்டு வெளிய கூட்டிட்டுப் போ. மாடில நான் சொல்லிக்கறேன். நான் கிளம்பி வரேன்."