கால் நலமா என்று கேட்ட போன்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் மெய். மாரியம்மன் கோயிலில் சூடம் அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். சூடம் மட்டும் கேட்கிறவர் வாங்கித் தர வேண்டும்.

வருஷம் 2007. மாரக்காள் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடி. தையல் மெஷின் பக்கத்தில் நின்று துணி எடுத்துக் கொடுத்து, தைத்ததை வாங்கி அடுக்குகிற வேலை. காலை எட்டரைக்கு நின்றால் இரவு எட்டரை வரை நிற்க வேண்டும். சர்க்கரை வந்து ஒன்பது வருஷம், பாதம் மரத்துப்போயிருந்தது. "காலைப் பாத்துக்குங்க. கால் போச்சுன்னா நிக்கற வேலையும் போச்சு" என்று பெரியாஸ்பத்திரி டாக்டர் சொல்லியிருந்தார். அவளும் பாதத்தைக் கைக்குழந்தை மாதிரி கழுவித் துடைத்துத்தான் வந்தாள். ஆனால் கம்பெனிக்குள் செருப்புக்கு அனுமதியில்லை. வெள்ளைத் துணியில் அழுக்குப் பட்டுவிடும்.

அந்த வருஷம் கோயமுத்தூரிலிருந்து மாதவன் என்ற என்ஜினியர் வந்தார். கம்பெனியில் சர்க்கரை உள்ள இருபத்திமூன்று பேருக்கும் ஆளுக்கொரு செல்போன். தினமும் மூன்று தடவை அது கேட்கும்: மாத்திரை போட்டீர்களா? நேரத்துக்குச் சாப்பிட்டீர்களா? கால் நலமா? ஆம் என்றால் ஒன்றை அமுக்கணும், இல்லை என்றால் இரண்டை. இரண்டு போனால் கோயமுத்தூரிலிருந்து நர்ஸ் கூப்பிட்டு விசாரிப்பார். நல்ல ஏற்பாடுதான். கம்பெனிக்குள் செல்போனுக்கும் அனுமதியில்லை என்பதை மட்டும் மாதவனுக்கு யாரும் சொல்லவில்லை.

போன்கள் கேட்டில் வாட்ச்மேன் நாச்சிமுத்துவின் பிளாஸ்டிக் கூடையில் கிடந்தன. முதல் நாள் பத்து மணிக்கு இருபத்திமூன்றும் ஒன்றாய்க் கத்தியதில் தெருநாய்கள் அவிநாசி வரைக்கும் ஓடின. மூன்று நாய் இன்னும் திரும்பவில்லை. கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இருப்பது மரியாதையா? நாச்சிமுத்து எல்லாவற்றிலும் ஒன்றை அமுக்கினார். ஒரே மாதத்தில் கட்டைவிரல் வாழைக்காய் கனத்துக்கு வந்தது. கோயமுத்தூர்க் கம்ப்யூட்டரில் அந்த இருபத்திமூன்று பேரும் நோயில்லாதவர்களைவிட நன்றாக இருந்தார்கள்.

ஆடி மாதம் ஒரு தையல் ஊசி உடைந்தது. எல்லாத் துண்டும் கிடைத்து நோட்டில் ஒட்டினால்தான் புது ஊசி. துண்டு துணிக்குள் போய்விட்டால் வெளிநாட்டுக் குழந்தையைக் குத்திவிடும் அல்லவா. நுனியைக் காணோம். ஆயிரத்து நானூறு பீஸ் ஊசி கண்டுபிடிக்கிற மெஷினுக்குள் போய் வந்தன. அது வாய் திறக்கவில்லை. மாரக்காள் பக்கத்தில் நடந்தாள், மெஷின் அலறியது.

சூப்பர்வைசர் கந்தவேல் அவள் குதிகாலைத் தூக்கிப் பார்த்தான். "அட, இங்க இருக்குது! ஏனுங்க்கா, வலிக்கலீங்களா?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டனா கண்ணு?"

இடுக்கியால் பிடுங்கி, துடைத்து, நோட்டில் ஒட்டித் தேதி போட்டான். புது ஊசி வந்தது. துணி எல்லாம் பாஸ். காலைப் பற்றி எழுத அந்த நோட்டில் இடம் இல்லை.

நான்காம் நாள் குதிகால் வீங்கிவிட்டது. மாரக்காள் கேட்டில் நின்றாள். "ஏனுங்ணா, இன்னிக்கு என்ற போன்ல கால் கேள்விக்கு ரெண்டு அமுக்குங்க."

"நர்ஸம்மா கூப்புடுமே. நீ உள்ள இருப்ப. யாரு பேசறது அம்மிணி?"

"நீங்களே சொல்லிப்போடுங்க."

அமுக்கினார். பத்தரைக்கு நர்ஸ் கூப்பிட்டார். வாட்ச்மேன் என்று சொன்னால் இத்தனை நாள் ஒன்றை அமுக்கியது யார் என்று கேள்வி வரும். நாச்சிமுத்து குரலை மெலிதாக்கி, "மாரக்காதானுங்க" என்றார்.

"காலைத் திருப்பிப் பாத்துச் சொல்லுங்கம்மா. புண் இருக்கா?"

நாச்சிமுத்து பொய் சொல்லிப் பழகாதவர். பூட்ஸைக் கழற்றித் தன் காலைத் திருப்பிப் பார்த்தார்.

"இல்லீங்க."

"வீக்கம்?"

"துளிகூட இல்லீங்க."

"அப்புறம் எதுக்கு ரெண்டு அமுக்குனீங்க?"

"கை தவறிப்போச்சுங்க."

நர்ஸ் அதை ஒன்று என்று திருத்திக்கொண்டார்.

"சொல்லிட்டீங்களாண்ணா?" என்று மாரக்காள் இரவு கேட்டாள்.

"ஆச்சு அம்மிணி. கால் சங்கதி பூராவும் சொல்லியாச்சு."

கோயமுத்தூரிலிருந்து கூப்பிடுவார்கள் என்று பன்னிரண்டு நாள் காத்திருந்தாள், நின்றுகொண்டே. பதின்மூன்றாம் நாள் நாற்றம் வந்தது. பெரியாஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மாதவன் ஆரஞ்சுப் பழத்தோடு பார்க்க வந்தார். அவர் உட்கார்ந்திருக்கும்போதே கட்டிலில் கிடந்த போன் கத்தியது. கால் நலமா?

"ஏஞ்சாமி," என்றாள் மாரக்காள், "இது எந்தக் காலைக் கேக்குது?"

மாதவன் யோசித்தார். "ரெண்டுக்கும் சேத்து ஒரே கேள்விதாங்கம்மா. அடுத்த தடவை தனித்தனியா வெச்சுடறோம்."

மாரக்காள் மிச்சமிருந்த காலைப் பார்த்தாள். அது நலமாகத்தான் இருந்தது. ஒன்றை அமுக்கினாள்.

சூடம் வாங்கி வருகிறவரிடம் இதையும் சொல்லிவிட வேண்டும்: போன் எதுவும் யார் கைக்கும் வரவே இல்லை, துவக்க விழாவில் போட்டோ எடுத்த கையோடு அந்த இருபத்திமூன்று போன்களையும் பெட்டி பிரிக்காமல் வண்டியில் ஏற்றித் திரும்பக் கொண்டுபோய்விட்டார்கள்.